ஒரு கைக்கு இரண்டு வேண்டுதல்

வேதவள்ளியின் இடது கைக்கு ஒரு காவல்காரர் இருந்தார். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, சொன்னால் கேட்கிற பழக்கமும் கிடையாது. தாலி கட்டியவர் என்ற ஒரே தகுதியில் அந்த வேலையில் சேர்ந்த வீரையா, பிரஷர் குக்கரின் மூடியைக்கூட அவளைத் தூக்க விடமாட்டார். சூப்பர்மார்க்கெட்டில் அவள் ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்தால் போதும், தள்ளுவண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து, "நீ வை, நான் எடுக்கிறேன்" என்பார். இது கொத்தமல்லியா கருங்கல்லா என்று அவளும் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். மனுஷர் சிரிப்பார், ஆனால் கட்டை வாங்கிக்கொள்வார்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய வருஷம் வேதவள்ளிக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அறுவை செய்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மருந்து ஏற்றுவதற்காக ஆஸ்பத்திரி நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் அவள் வேண்டிக்கொண்டாள். முருகா, நான் பிழைத்து எழுந்துவிட்டால் தைப்பூசத்துக்கு உனக்கு என் கையாலேயே பால்குடம் எடுக்கிறேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். தைப்பூசம் என்றால் தீபாவளியைக்கூட இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடுகிற ஊர்க்காரி. முருகனும் தன் பங்கைச் சரியாகச் செய்தார். நோய் போனது, முடி முளைத்தது, கடல் தாண்டிக் குடியேறிய தென்கோடி நாட்டில், பாபகூரா என்ற ஊரில் அவள் வேலை பார்த்த மருந்துக் கடையில் எல்லாரும் கை தட்டி அவளைத் திரும்ப வரவேற்றார்கள்.

அதற்குப் பிறகுதான் கை வீங்கியது. முதலில் மோதிரம் இறுகியது. பிறகு ரவிக்கையின் கை ஏறவில்லை. பிறகு வலது கையையும் இடது கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நம்ப முடியாத நிலைமை வந்தது. அந்த வருஷத் தைப்பூசம் அவள் வீட்டு வாசலைத் தொடாமலே போனது. குடத்தைத் தலைக்கு மேலே பிடிக்க வேண்டிய கை தலையணைமேல் கிடந்தது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வேதவள்ளி மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். யாராவது வீக்கம் என்று வந்து நின்றால், டாக்டரைப் பாருங்கள், நீங்களாக எதையும் தேய்க்காதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். ஆனால் அதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். தன் கை என்று வந்தபோது, சிரம்பானிலிருந்து வந்து குடியேறிய சிநேகிதி ஆனந்தவல்லி ஒரு தைலப் போத்தலோடு வாசலில் நிற்க, இவள் கையை நீட்டிவிட்டாள்.

ஆனந்தவல்லியின் தீர்ப்பு எளிமையானது: நீர் கோத்துக்கொண்டது. நீர் கோத்தால் என்ன செய்வோம்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்போம், பார்லி கஞ்சி குடிப்போம், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து சுடச்சுட ஒத்தடம் கொடுப்போம், தைலம் போட்டு நன்றாக அழுத்தி நீவுவோம். நம்மில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சொல்வதில் அன்பு இருக்கும், நம்பிக்கை இருக்கும், அந்த நோய் என்னவென்று தெரிந்த ஒருவர் மட்டும் இருக்கமாட்டார். வீரையா சப்பாத்தி மாவு பிசைகிறவர் மாதிரி மணிக்கட்டிலிருந்து தோள் வரை அழுத்தித் தள்ளினார். வலிக்குது என்றால், வலிச்சாத்தான் இறங்கும் என்றார்.

ஆஸ்பத்திரியும் சும்மா இருக்கவில்லை. நிணநீர் வீக்கத்துக்கென்றே இருந்த கிளினிக்குக்கு அவளை அனுப்பி வைத்தது. அங்கே இருந்தவன் பிருந்தன் என்ற பிசியோதெரபிஸ்ட். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, தமிழை விடாமல் வைத்திருக்கிற பையன். அவன் செய்த மசாஜைப் பார்த்ததும் வேதவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் போர்வையைச் சரிசெய்வதுபோல், தோலை லேசாகத் தொட்டு நகர்த்தினான். அதையும் வீங்கிய கையில் தொடங்காமல் கழுத்தில் தொடங்கினான். பிறகு கையைச் சுற்றிப் பஞ்சு வைத்துப் பட்டைப் பட்டையாகத் துணிக்கட்டுப் போட்டு, இதை அவிழ்க்காதீர்கள் என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆனந்தவல்லிக்குப் போன் போட்டாள். இலவச மசாஜ் என்றால் இவ்வளவுதான் அழுத்துவார்கள் போலிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாளே கட்டை அவிழ்த்தாயிற்று. அடுத்த சந்திப்புக்கு அவள் போகவில்லை.

உப்பு ஒத்தடம் ஒரு நாள் கொஞ்சம் அதிகமாகச் சுட்டுவிட்டது. முழங்கைக்குக் கீழே சின்னக் கொப்புளம். அறுவைக்குப் பின் அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருந்ததால் சுட்டது அவளுக்கே தெரியவில்லை. அது உடைந்து, அதன் வழியாகக் கிருமி நுழைந்து, அடுத்த நாள் மத்தியானம் கடையில் நின்றுகொண்டிருந்தவளுக்குப் பல் அடிக்கக் குளிர் வந்தது. கை சிவந்து, தொட்டால் அடுப்பாகக் கொதித்தது. வீரையா மோட்டார்வேயில் காரை ஓட்டிய ஓட்டத்துக்கு அவருக்கு அபராதம் வராமல் போனது அந்த வருஷத்தின் இன்னொரு அதிசயம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது, வீரையா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

காய்ச்சல் இறங்கியபின் பிருந்தன் வார்டுக்கே வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அன்ரி, நீங்கள் தகனினியிலதானே இருக்கிறீங்கள்? காலமை மோட்டார்வேயை மூடிப்போட்டாங்கள் எண்டு வையுங்கோ. வாகனம் எல்லாம் நிக்குது. பின்னால நிண்டு இடிச்சுத் தள்ளினா போகுமோ?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"கிரேட் சவுத் ரோட்டால மெல்லமாத் திருப்பி விடவேணும். அதுக்கு முதல், அந்த ரோட்டில நிக்கிறதுகளை அனுப்பி வழி எடுக்கவேணும். அதுதான் நான் கழுத்தில தொடங்கினது. உங்கட அக்குளுக்குள்ள மெயின் ரோட்டை வெட்டி எடுத்தாச்சு. மிச்சமிருக்கிற சின்ன ஒழுங்கையள் தோலுக்குக் கீழயே கிடக்கு. அழுத்தினா அதுவும் நசிஞ்சுபோகும்."

சூடு வைத்தால் அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும், நீரும் கூடும் என்றான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் வீக்கம் குறையாது, உடம்பு காய்ந்துபோவதுதான் மிச்சம் என்றான். கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தப்பு. தசை சுருங்கி விரிவதுதான் நிணநீரை மேலே ஏற்றுகிற பம்ப் என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது எப்போது குணமாகும் என்று கேட்டாள்.

"முழுசா மாறாது அன்ரி. ஆனா சொல்லுக் கேக்கப் பண்ணலாம்" என்றான். பிறகு யாரும் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டான். "இந்தக் கையால உங்களுக்கு என்ன செய்யவேணும்?"

பால்குடத்தைப் பற்றி அவள் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது. அவன் சிரிக்கவில்லை. குடம் எவ்வளவு கனம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வெயில் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். பிறகு சொன்னான்: "ஏலும். ஆனா நாளைக்கு இல்லை."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வேதவள்ளி எழுந்தாள். புண் ஆறியதும் மறுபடி கட்டுப் போட ஆரம்பித்தார்கள். இந்த முறை அவிழ்க்கவில்லை. வெயிலில் அரித்தது, குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்ட வேண்டியிருந்தது, கடையில் எல்லாரும் விபத்தா என்று கேட்டார்கள். கை வாரத்துக்கு வாரம் இளைத்தது. இனி இதற்கு மேல் இறங்காது என்ற நிலை வந்ததும், பிருந்தன் அளவெடுத்து, அவளுக்கென்றே ஓர் இறுக்கமான உறை தைக்கச் சொன்னான். மணிக்கட்டிலிருந்து தோள்பக்கம் வரை ஏறுகிற உறை. காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும், படுக்கப் போகும்போது கழற்ற வேண்டும். தோல் நிறத்திலும் கிடைக்கும், மற்ற நிறங்களிலும் கிடைக்கும் என்றான். அவள் மஞ்சள் கேட்டாள், முருகனுடைய மஞ்சள்.

தினமும் தோலுக்குக் கிரீம் தடவினாள். தோட்டத்தில் இறங்கினால் தடித்த கையுறை போட்டாள். ரத்தம் எடுக்க யாராவது இடது கையைத் தேடினால் வலது கையை நீட்டினாள். கண்ணாடி முன் நின்று கழுத்தில் தொடங்கித் தோலை நகர்த்தக் கற்றுக்கொண்டாள். ஆனந்தவல்லி தைலப் போத்தலைத் தன் வீட்டுக் கழிவறை அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு, வந்தாலே ஒரு மூலையில் உட்கார்ந்து, மன்னிச்சிரு வேதா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிக்கிறது இருக்கட்டும், முதல்ல காப்பி போடு என்பாள் இவள்.

மிச்சமிருந்தது பயிற்சி. பிருந்தன் எடை தூக்கச் சொன்னான். துளித்துளியாகக் கூட்டச் சொன்னான். கை கனத்தாலோ இறுகினாலோ நிறுத்திவிட்டு, அடுத்த நாள் ஒரு படி இறங்கித் தொடங்கச் சொன்னான். வீட்டில் காவல்காரர் இருக்கிறாரே? அதனால் வீரையா வேலைக்குப் போனபிறகு வேதவள்ளி கராஜுக்குள் போனாள். இரண்டு லிட்டர் காலிப் பால் போத்தலில் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடித் தலைக்கு மேலே தூக்கினாள். கை பொறுத்துக்கொண்டால் அடுத்த வாரம் தண்ணீரின் மட்டம் கொஞ்சம் ஏறும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இவள் அதைப் பால் போத்தலில் செய்தாள். அந்த நாட்டில் மார்கழியும் தையும்தான் கோடை; வசந்தம் போய்க் கோடை வந்தபோது போத்தல் நிறைந்திருந்தது. கை வீங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வீரையா சீக்கிரமே வீடு திரும்பினார். கராஜ் கதவு மேலே ஏறியது. உள்ளே தலையில் பித்தளைக் குடம், இரண்டு கையாலும் பிடித்தபடி, புல் வெட்டும் இயந்திரத்தைச் சுற்றி வலம் வந்துகொண்டிருந்தாள் அவர் மனைவி. அவர் காரைக்கூட அணைக்காமல் இறங்கி ஓடி வந்து குடத்தைப் பிடுங்கினார். தண்ணீர் அவர் சட்டைமேல் கொட்டியது.

அவள் விளக்கினாள். பம்ப், மோட்டார்வே, கிரேட் சவுத் ரோடு எல்லாவற்றையும் சொன்னாள். பிருந்தனிடமே பேசுங்கள் என்றாள். வீரையா எதற்கும் மசியவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஈரச் சட்டையோடு அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர் பேச்சு வேற, வேதா. எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு."

இதை அவர் சொன்னதே இல்லை.

"உன்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனாங்கல்ல, அப்ப கார் பார்க்ல நின்னு வேண்டிக்கிட்டேன். முருகா, இவளைத் திருப்பிக் குடுத்துரு, இனிமே இவ கையால ஒரு பாரமும் தூக்க விடமாட்டேன்னு. அவன் குடுத்துட்டான். நான் மீறினா திருப்பி எடுத்துக்குவான்லா."

கொத்தமல்லி, குக்கர் மூடி எல்லாம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாக இந்த மனுஷர் பயத்தில்தான் ஓடி ஓடி வந்திருக்கிறார். அவளுக்கு அவர்மேல் அப்படி ஓர் இரக்கம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டு பேசியது.

"இது யார் கைங்க?"

"உன் கைதான்."

"அப்புறம் அதை வச்சு நீங்க எப்டி வேண்டிக்கிட்டீங்க? வேண்டிக்கிறவங்க அவங்கவங்ககிட்ட இருக்கிறதைத்தான் குடுக்கணும். அடுத்த வீட்டுக் கோழியையா நேர்ந்து விடுவாங்க?"

வீரையா ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார்.

"எனக்காக முருகன்கிட்ட ஏதாச்சும் குடுக்கணும்னா, உங்ககிட்ட தலை இருக்கு. என் கையை எனக்குத் திருப்பிக் குடுங்க."

தலை என்று அவள் சொன்னது வாய்வார்த்தைக்கு. அந்தத் தலையைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் அதைக் கேட்கத் துணியமாட்டார்கள். அறுபதை நெருங்குகிற வீரையாவுக்கு அடர்த்தியான முடி, மாதம் தவறாமல் சாயம், பாக்கெட்டில் சீப்பு. மீசை நரைத்தாலும் ஆசை நரைக்கவில்லை என்று கோயிலில் கேலி செய்தால்கூடச் சீப்பை எடுத்து வாரிக்கொண்டே சிரிப்பார். அன்று அவர் காரை அணைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அவள் கராஜில் நடப்பதை நிறுத்தவும் இல்லை, அவர் தடுக்கவும் இல்லை. வீட்டில் இருந்தால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

தைப்பூசத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. வீரையா அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை. மஞ்சள் சேலையும் மஞ்சள் உறையுமாக வேதவள்ளி வரிசையில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கத் துணியாமல் காரிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் காலை நகர்த்தவில்லை.

அர்ச்சகர் காப்புக் கயிற்றோடு வந்தார். பெண்களுக்கு இடது மணிக்கட்டு. பழக்கத்தில் அவர் கை அங்கேதான் போனது. வேதவள்ளி வலது கையை நீட்டினாள். இந்தக் கையில் எதையும் இறுக்கிக் கட்டக்கூடாது, சாமி, இதற்குத் தினமும் ஒரு காப்பு நானே போடுகிறேன் என்று உறையைக் காட்டினாள். அவர் ஒரு நிமிஷம் உறையைப் பார்த்தார். பிறகு வலது கையில் கட்டித் திருநீறு பூசினார். ஆனந்தவல்லி ஈரத் துண்டும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு, இன்று இவளைத் தண்ணீர் குடிக்க வைப்பதே தன் நேர்த்திக்கடன் என்று பக்கத்தில் நின்றாள்.

பால் ஊற்றிய குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். இவள் முறை வந்தபோது குடத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் முன்னால் வந்து நின்றார். மஞ்சள் வேட்டி, சந்தனம் அப்பிய மொட்டைத் தலை. கோயில் ஆள் என்று நினைத்து அவள் குடத்தை மட்டும் பார்த்தாள். பிறகு குடத்தைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

வீரையாவின் காதுகள் இவ்வளவு பெரியவை என்பது முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியாது. அவர் குடத்தை அவள் தலைக்கு நேரே உயர்த்திப் பிடித்து, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"தூக்கு."

வேதவள்ளி இரண்டு கையையும் உயர்த்தினாள். இடது கை வலது கையோடு சமமாக மேலே போனது. குடம் தலையில் உட்கார்ந்தது. கனம் அவளுக்குத் தெரிந்த கனம்தான். கராஜில் பார்த்துப் பழகிய கனம். உறுமி முழங்க, வேல் வேல் என்ற கோஷம் எழ, வெறுங்காலோடு அவள் நடந்தாள். தரை சுட்டது, உறைக்குள் வியர்வை ஓடியது, அவ்வப்போது ஆனந்தவல்லி ஈரத் துண்டால் அதன்மேல் ஒற்றினாள். இடையில் ஒரு முறை கை இறுகுவதுபோல் தோன்ற, வலது கையால் மட்டும் குடத்தைப் பிடித்துக்கொண்டு இடது கை விரல்களை மடக்கி விரித்தாள், பிருந்தன் சொல்லிக் கொடுத்தபடி. இறுக்கம் விட்டது. மறுபடி இரண்டு கையாலும் பிடித்தாள். வீரையா பக்கத்தில் நடந்து வந்தார். குடத்தைத் தாங்க அவர் கைகள் பழக்கத்தில் எழுந்தன. எழுந்த கைகளைத் தன் மொட்டைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கும்பிட்டுக்கொண்டார். அழுகிறாரா, சந்தனம் கண்ணில் வழிகிறதா என்று கேட்டால் சந்தனம் என்றுதான் சொல்வார்.

சந்நிதியில் பாலை ஒப்படைத்தபோது ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. முருகா, என் கையாலேயே கொண்டுவந்துவிட்டேன் என்றாள். அதற்கு மேல் அவனிடம் கேட்க எதுவும் இல்லை.

மறுநாள் கை எப்படியிருக்குமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தாள். மோதிரம் விரலில் தாராளமாகச் சுழன்றது. பிருந்தனுக்கு அந்த விரலைப் படம் எடுத்து அனுப்பினாள். உறையைப் போட்டுக்கொண்டு, கணவரோடு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாள். வீரையா தொப்பி போட்டு வந்தார், பாவம்.

பால் அலமாரியின் முன்னால் நின்று, வேதவள்ளி இடது கையை நீட்டி ஒரு இரண்டு லிட்டர் போத்தலை எடுத்தாள். தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலடி ஓடி வந்தது. "நீ வை..." என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். வீரையா தொப்பியைக் கழற்றிவிட்டு மொட்டைத் தலையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

"இன்னொன்னும் எடு" என்றார். "பாயசம் வைக்கணும்ல."